பெருவெடிப்பு கடவுளை நிரூபிக்கிறதா? வானியலும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒன்றுக்கொன்று கொடுத்தது என்ன

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், ஏவப்பட்டது. 2022 ஜூலையில் அதன் முதல் படங்கள் வந்ததிலிருந்து, ஒவ்வொரு புதிய படத்தின் கீழும் இரண்டு கட்சிகள் மல்லுக்கு நிற்கின்றன. “இதோ படைத்தவரின் கைவேலை, இனியாவது ஒத்துக்கொள்வீர்களா?” என்கிறது ஒன்று. “இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் ஒரு தூசியின் மேல் கடவுள் மனிதனாகப் பிறந்தாராம்!” என்று சிரிக்கிறது மற்றது. அந்த ஆண்டே, பிரபஞ்சம் மிக அடர்ந்த, வெப்பமான நிலையிலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கையை வெப் படங்கள் தகர்த்துவிட்டன என்றொரு வதந்தியும் சுற்றியது. எதுவும் தகரவில்லை. தொடக்கக் காலத்து விண்மீன் மண்டலங்கள் சில எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தன, அவ்வளவுதான்.

சண்டை போடும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கில் வானியல் சாட்சிக் கூண்டில் ஏறி ஏதாவது ஒரு பக்கம் பேசியாக வேண்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது. விசுவாசம் வானியலுக்கு வேலை கொடுத்திருக்கிறது, சில சமயம் இடமும் கொடுத்திருக்கிறது. வானியல் விசுவாசத்தின் கணக்குகளைத் திருத்தியிருக்கிறது. ஒன்றிடம் மற்றொன்று நிரூபணம் கேட்டபோதுதான் இரண்டுக்கும் சங்கடம் வந்தது.

## முதலில் மூன்று சொற்கள்

1. வானியல் என்பது வானத்தில் உள்ளவற்றை அளந்து, அந்த அளவுகளுக்கு இயற்பியல் காரணம் தேடும் துறை. கோள்களைப் பார்த்து வாழ்க்கைப் பலன் சொல்லும் சோதிடம் அதன் பழைய கூட்டாளி. இன்று இரண்டுக்கும் உறவில்லை.

2. விசுவாசம் என்பதைச் சான்று போதாத இடத்தில் வைத்து ஒட்டும் பசை என்று பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்தவ வழக்கில் அது ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கை. கணக்குக்கு விடை தெரியாதபோது எழுதிவைக்கும் பதில் என்ற பொருள் அதற்குக் கிடையாது.

3. படைப்பு என்ற சொல்தான் அதிகக் குழப்பம் தருவது. ஒரு நாள் ஒரு நொடியில் நடந்து முடிந்த தொடக்க நிகழ்ச்சி என்றே பலரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அப்படிப் பார்க்கவில்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று வேதத்தால் அறிகிறோம், தர்க்கத்தால் அதை நிறுவ முடியாது என்பது அவர் கருத்து. தொடக்கமே இல்லாமல் என்றென்றும் இருந்துவந்த உலகம்கூடப் படைக்கப்பட்ட உலகமாக இருக்கலாம் என்றார் அவர். குயவன் போய்விட்டாலும் பானை நிற்கும். பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு இல்லை. அக்குவினாஸ் சொல்லும் படைப்பு பாட்டைப் போன்றது: உலகம் ஒவ்வொரு கணமும் கடவுளைச் சார்ந்திருக்கிறது.

இந்த மூன்றாவது பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பெருவெடிப்புச் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும்.

## பெயர் சொல்லப்படாத இரண்டு சுடர்கள்

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சூரியனையும் சந்திரனையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பகலை ஆளப் பெரிய சுடர், இரவை ஆளச் சிறிய சுடர் என்று மட்டும் சொல்லி நகர்கிறது. சுற்றியிருந்த மக்களிடம் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். எபிரெய மொழியில் அவற்றின் பெயர்களே தெய்வப் பெயர்களை நினைவூட்டும். எழுதியவர் வேண்டுமென்றே அவற்றை விளக்குகளாக இறக்கிவைத்தார் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து.

இதிலிருந்து நவீன அறிவியலே பிறந்தது என்று சில கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஒரே தாவாகத் தாவுவார்கள். அது மிகை. பாபிலோனியர்கள் தெய்வங்களாக வணங்கிய கோள்களைத்தான் நூற்றாண்டுக்கணக்கில் துல்லியமாகக் குறித்துவைத்தார்கள். ஆனாலும் வானத்துப் பொருள் வணங்கத்தக்கதல்ல, படைக்கப்பட்ட ஒரு பொருள் என்ற எண்ணம், அதை அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் இருந்த மனத்தடையைக் குறைத்தது என்று சொல்லலாம்.

வேதத்தை வானியல் பாடப்புத்தகமாக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் பழையதுதான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய அகஸ்தீன், விண்மீன்களின் இயக்கம், கிரகணம் போன்றவற்றைக் கணக்கோடு அறிந்த அவிசுவாசிகள் இருக்கிறார்கள் என்றார். அவர்கள் முன்னால் ஒரு கிறிஸ்தவர் வேதத்தைக் காட்டி அபத்தம் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் முந்தைய கேள்வி இது.

## ஒரு பண்டிகையின் தேதி

கிறிஸ்துமஸுக்கு நிலையான தேதி உண்டு. ஈஸ்டருக்குக் கிடையாது. கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் ஈஸ்டரைக் கொண்டாட வேண்டும் என்றது. பிறகு நிலைபெற்ற விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. சூரியன், சந்திரன், ஏழு நாள் வாரம் ஆகிய மூன்று சக்கரங்களையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். ஆகவே ஐரோப்பிய மடாலயங்களில் வானக் கணக்குத் தெரிந்த ஒருவராவது தேவைப்பட்டார். அந்த அளவுக்காவது வானியல் அறிவு அங்கே அழியாமல் தங்கியதற்கு இந்தத் தேவை ஒரு பெரிய காரணம்.

சிக்கல் மெல்ல வளர்ந்தது:

1. ஜூலியன் நாட்காட்டியில் ஓர் ஆண்டு 365.25 நாட்கள்.
2. பருவங்கள் திரும்பிவர ஆகும் உண்மையான காலம் ஏறத்தாழ 365.2422 நாட்கள்.
3. வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம். ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும்.
4. 16ஆம் நூற்றாண்டில் பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 21 இலிருந்து நழுவி மார்ச் 11க்கு வந்துவிட்டது. ஈஸ்டரும் கூடவே தடம் மாறியது.

போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் இதைச் சீர்செய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்ற விதியும் வந்தது. 2000இல் பிப்ரவரி 29 இருந்ததும் 1900இல் இல்லாததும் இதனால்தான். திட்டத்தின் மூலவர் லீலியுஸ் என்ற மருத்துவர். அதை விளக்கி வாதாடி நிலைநிறுத்தியவர் இயேசு சபைக் குருவும் கணிதருமான கிளாவியுஸ். இன்று மதமே இல்லாதவர்களும் பயன்படுத்தும் நாட்காட்டி, ஒரு திருநாளின் தேதியைச் சரிசெய்யப் போனதில் கிடைத்தது.

## தேவாலயத் தரையில் சூரியன்

இத்தாலியின் பொலோனியா நகரில் புனித பெட்ரோனியுஸ் பேராலயம் இருக்கிறது. 1655இல் வானியலாளர் ஜொவான்னி கசீனி அதன் கூரையில், தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு துளை அமைத்தார். அதற்கு நேராகத் தரையில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்தார். நண்பகலில் துளை வழியே வரும் ஒளி, இருண்ட தரையில் ஒரு நீள்வட்டமாக விழுந்து மெல்ல நகர்ந்து கோட்டைக் கடக்கும். கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஒளி துளையின் பக்கமாகவே விழும். குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய்ப் பெரிதாக விரியும். பேராலயமே ஒரு தொலைநோக்கியாகிவிட்டது.

ஆண்டின் நீளத்தையும் சமநாளையும் அளப்பது, அதாவது ஈஸ்டர் கணக்குதான், இதன் முதல் நோக்கம். கசீனி அதோடு நிற்கவில்லை. சூரியன் வானத்தில் ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் நகர்வதாகத் தெரிகிறது. வேறுபாடு ஏறத்தாழ 7 சதவீதம். தொலைவு மாறுவதால் மட்டுமே இப்படித் தோன்றுகிறது என்றால் சூரிய வட்டத்தின் அளவும் அதே விகிதத்தில் மாற வேண்டும். பாதிதான் தொலைவால், மீதிப் பாதி உண்மையான வேக மாற்றத்தால் என்றால், வட்டம் சுமார் 3.4 சதவீதம்தான் மாறும். பின்னதுதான், கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட ஜெர்மன் வானியலாளர் கெப்ளரின் கணிப்பு. தரையில் விழும் ஒளியில் இது ஓரிரு சென்டிமீட்டர் விவகாரம். கசீனி அளந்தார். கெப்ளர் சொன்னது சரியாக இருந்தது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு இது நேரடிச் சான்றல்ல. ஆனாலும் கலிலேயோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட நகரில், ஒரு தேவாலயத்துக்குள் இந்த அளவீடு நடந்தது.

## எட்டுக் கலை

கெப்ளர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், போதகராக விரும்பி இறையியல் படித்தவர். கணித ஆசிரியர் வேலை கிடைத்து வழி மாறியது. தன் முயற்சியால் வானியலிலும் கடவுள் மகிமைப்படுகிறார் என்று 1595இல் தன் ஆசிரியருக்கு எழுதினார்.

இந்த மனநிலை கணக்கைக் கெடுத்திருக்கலாம் அல்லவா? ஒரு கட்டத்தில் கெடுக்கவும் செய்தது: கோள்களின் இடைவெளியை கனசதுரம் போன்ற ஐந்து சீர்திண்ம வடிவங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று அவர் கட்டிய அழகான கோட்டை தவறாகப் போனது. ஆனால் செவ்வாய்க் கோளின் பாதையில் நடந்தது வேறு. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே விட்டுச்சென்ற அளவீடுகளோடு, வட்டப் பாதையை அடிப்படையாகக் கொண்ட தன் மாதிரியைக் கெப்ளர் ஒப்பிட்டார். மிக நன்றாகப் பொருந்தியது, 8 கலை தவிர. ஒரு பாகையில் 60 கலை. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு. அதற்கு முன் எவரும் அதை அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார்கள்.

கெப்ளர் தள்ளவில்லை. டைக்கோவைப் போன்ற கவனமான பார்வையாளரைக் கடவுள் நமக்குத் தந்திருக்கும்போது, அந்தக் கொடையை நன்றியோடு ஏற்றுப் பயன்படுத்துவதே தகும் என்று எழுதினார். தன் மாதிரியைத் தூக்கியெறிந்தார். பாதை நீள்வட்டம் என்ற முடிவு 1609இல் அச்சானது. இங்கே விசுவாசம் விடையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. விடை பிடிக்காமல் போனாலும் தரவை மதிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொடுத்தது. அவருடைய சொந்தச் சபையோ, கோட்பாட்டில் முழுதாக ஒத்துப்போகவில்லை என்று லின்ஸ் நகரில் அவருக்குத் திருவிருந்தை மறுத்தது. வரலாறு யாருக்கும் சாதகமாக நேர்கோட்டில் ஓடுவதில்லை.

## கலிலேயோ: சுருக்கமாக

1616இல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. 1633இல் 69 வயதான கலிலேயோ மண்டியிட்டுத் தன் கருத்தை மறுதலிக்க வைக்கப்பட்டார், சாகும்வரை வீட்டுக்காவல். பூமியின் இயக்கத்துக்குக் கடலின் ஏற்றவற்றத்தை அவர் சான்றாகக் காட்டியது தவறு. பூமி நகர்ந்தால் விண்மீன்களின் இடத்தில் தெரிய வேண்டிய சிறு மாற்றத்தை ஜெர்மன் வானியலாளர் பெசல் முதன்முதலில் அளந்தது 1838இல்தான். இதையெல்லாம் சொல்லி அந்தத் தீர்ப்பை நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சான்று போதாது என்று ஒரு கருத்தை ஏற்காமலிருப்பதற்கும் ஒரு முதியவரை மிரட்டி வாயடைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்குச் சாக்குக் கிடையாது.

வேதம் பரலோகத்துக்குப் போகும் வழியைச் சொல்கிறது, வானம் எப்படிப் போகிறது என்பதை அல்ல என்ற வாக்கியத்தைக் கலிலேயோ 1615இல் ஒரு கர்தினால் சொன்னதாக மேற்கோள் காட்டினார். அகஸ்தீனையும் துணைக்கு அழைத்தார். 1992இல் போப் இரண்டாம் ஜான் பால், வேத விளக்கத்தில் அன்றைய இறையியலாளர்களைவிடக் கலிலேயோ தெளிவாக இருந்தார் என்று ஒப்புக்கொண்டார்.

## லெமேத்தர் அடித்துவிட்ட பத்தி

ஜார்ஜ் லெமேத்தர் பெல்ஜியத்துக்காரர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1923இல் குருப்பட்டம் பெற்றார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிவடைகிறது என்ற முடிவுக்கு 1927இல் வந்து, தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்திருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார். உங்கள் கணக்கு சரி, இயற்பியல் அருவருப்பாக இருக்கிறது என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடமே சொன்னார். 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹபிளின் அளவீடுகள் வந்தன: தொலைவு கூடக்கூட விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் கூடுகிறது என்ற விதி அதில் கிடைத்தது. 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அந்த விதியை ஹபிள்–லெமேத்தர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

1931இல் ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: விரியும் பிரபஞ்சத்தைப் பின்னோக்கி ஓட்டினால், எல்லாம் ஓர் ‘ஆதி அணு’வில் தொடங்கியிருக்கலாம். பெருவெடிப்புக் கொள்கையின் முதல் வடிவம் இது. அதன் கையெழுத்துப் படியில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. கடவுள் மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர், இயற்பியல் படைப்பின்மேல் ஒரு திரையைப் போடுவதைக் கண்டு மகிழலாம் என்பது அதன் சாரம். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பத்தியை அவரே அடித்துவிட்டார்.

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், தம் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், “ஒளி உண்டாகட்டும்” என்ற ஆதிச் சொல்லுக்கு இன்றைய அறிவியல் சாட்சியாகிவிட்டது என்ற தொனியில் பேசினார். அந்தக் கழகத்தின் உறுப்பினரான லெமேத்தருக்கு இது மகிழ்ச்சி தரவில்லை. அவருடைய கவலைக்கு இரண்டு பக்கங்கள்:

1. அறிவியல் பக்கம். அப்போது பெருவெடிப்பு ஒரு கருதுகோள் மட்டுமே. தொடக்கமே இல்லாத, என்றும் ஒரே நிலையில் இருக்கும் பிரபஞ்சம் என்ற போட்டிக் கொள்கை 1948இல் வந்திருந்தது. போதாக்குறைக்கு, அன்றைய அளவீடுகளின்படி பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைவாக வந்தது! இதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால், கருதுகோள் சரியும் நாளில் அதுவும் கூடவே சரியும்.

2. இறையியல் பக்கம். கடவுளைக் காரணச் சங்கிலியின் முதல் கண்ணியாக வைத்தால் அவரும் இயற்பியலின் ஒரு பொருளாகிவிடுவார். மறைந்திருக்கும் தேவனைப் பற்றிப் பேசிய ஏசாயாவை லெமேத்தர் விரும்பி மேற்கோள் காட்டுவார். தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்றும், நம்பாதவர் தாராளமாக நம்பாமல் இருக்க அது இடம் தருகிறது என்றும் எழுதினார்.

1952இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ரோமில் கூடியது. அதற்கு முன் லெமேத்தர் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரைச் சந்தித்துப் பேசினார். வானியலாளர்களிடம் போப் ஆற்றிய உரையில் அந்த வாதம் திரும்ப வரவில்லை.

பெருவெடிப்பின் எச்சமாகிய நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1965இல் வெளியானது. 1966 ஜூனில் இறப்பதற்குச் சற்று முன்னர் லெமேத்தர் அதைக் கேள்விப்பட்டார். கொள்கை வென்றது. தன் கொள்கையை வேதத்துக்குச் சான்றாக்க மறுத்த அதே பாதிரியாரைத்தான் இன்று பல மேடைகளில் அப்படிச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

## விசுவாசத்துக்கு வானியல் கொடுத்தது

மண்ணுக்கு வயது. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது சொல்லப்படும் வரி ஆதியாகமத்திலிருந்து வருவது: “நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்.” உடலிலுள்ள ஹைட்ரஜன் பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களைச் சேர்ந்தது, கார்பன், ஆக்ஸிஜன், இரும்பு ஆகியவை சூரியனுக்கு முன் வாழ்ந்து மடிந்த விண்மீன்களில் உருவானவை. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்றால், அந்தச் சாம்பலிலுள்ள கார்பன் அதைவிட மூத்தது. வரி மாறவில்லை. கேட்பவரின் காது மாறிவிடுகிறது.

தவறான விளக்கத்துக்குத் தடை. இயேசு சிலுவையில் தொங்கியபோது, “ஆறாம்மணி நேரமுதல் ஒன்பதாம்மணி நேரம்வரைக்கும்” (நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை) அந்தகாரம் உண்டானதாக மத்தேயு எழுதுகிறார். அது சூரிய கிரகணம் என்று விளக்குகிறவர்கள் இன்றும் உண்டு. சிலுவை மரணம் நடந்தது பஸ்கா பண்டிகைக் காலத்தில். பஸ்கா முழுநிலவில் வருவது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும். அதோடு, முழுக் கிரகணம் ஓரிடத்தில் எட்டு நிமிடத்தைத் தொடாது. 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய வானியல் பாடநூல் இதைச் சொல்லித்தான் முடிகிறது. இடைக்கால மாணவனுக்குத் தெரிந்திருந்த இதை இன்றைய காணொளிகள் மறந்துவிடுகின்றன. பெத்லகேம் நட்சத்திரத்தை வியாழனும் சனியும் கி.மு. 7இல் நெருங்கிவந்த காட்சியோடு அடையாளப்படுத்தும் கட்டுரைகளையும் இதே எச்சரிக்கையோடு படிப்பது நல்லது. அந்த நெருக்கம் நடந்தது உண்மை. மத்தேயு அதைத்தான் சொல்கிறாரா என்பதைக் கணினி முடிவுசெய்ய முடியாது.

அளவு. “மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம்?” என்று எட்டாம் சங்கீதம் கேட்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் சில ஆயிரம் விண்மீன்களைப் பார்த்தே எழுந்த கேள்வி அது. நமக்கு மிக அருகிலுள்ள பெரிய விண்மீன் மண்டலமான ஆன்ட்ரோமெடாவின் ஒளி இங்கு வந்துசேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பிரபஞ்சத்தின் பரப்பைக் காட்டி விசுவாசியை மடக்க நினைப்பவர், அந்தக் கேள்வியை அவருடைய ஜெபப்புத்தகமே முன்பே கேட்டுவிட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

## இனி வரப்போகும் கேள்வி

சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 1995இல் அறிவிக்கப்பட்டது. இன்று உறுதிசெய்யப்பட்டவை 5,000ஐத் தாண்டிவிட்டன. எதிலும் உயிர் காணப்படவில்லை. ஒரு நாள் காணப்பட்டால் கிறிஸ்தவம் என்ன செய்யும்?

இந்த விவாதத்துக்கு நீண்ட முன்கதை உண்டு. கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்ற கருத்தை 1277இல் பாரிஸ் ஆயர் தடைசெய்தார். அரிஸ்டாட்டில் ஒரே உலகம்தான் என்றாலும் கடவுளின் கையைக் கட்ட முடியாது என்பது வாதம். பிற்பாடு கர்தினாலான குசா நகர நிக்கோலஸ், மற்ற விண்பொருட்களிலும் உயிர்கள் இருக்கலாம் என்று 1440இல் எழுதினார். லூத்தரின் தோழர் மெலாங்தன் 16ஆம் நூற்றாண்டில் எதிர்த்தார்: கிறிஸ்து ஒரே முறைதான் மரித்து உயிர்த்தார், வேறு உலகங்களில் அது திரும்ப நடந்ததாக எண்ணலாகாது. அக்குவினாஸோ, ஒரே தெய்வீக நபர் ஒன்றுக்கு மேற்பட்ட மனித இயல்புகளை ஏற்க முடியுமா என்ற கேள்வியை அவருக்கு முன்பே எழுப்பி, முடியும் என்று விடையும் எழுதிவைத்திருந்தார். அவர் வேற்றுக்கோள்களை நினைத்து எழுதவில்லை. ஆயினும் விவாதம் வந்தால் இறையியலாளர்கள் முதலில் புரட்டும் பக்கங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

தேடல் நடக்கும் முறை எளிமையானது: கோளின் வளிமண்டலத்தின் ஊடே வரும் விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எந்த வாயு எந்த நிறத்தை விழுங்கியிருக்கிறது என்று பார்ப்பது. 2022இல் வெப் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்ற கோளில் கார்பன் டை ஆக்ஸைடு இருப்பதை இப்படித்தான் கண்டது. விண்மீன்களின் ஒளியை இவ்வாறு பிரித்து, ஆயிரக்கணக்கில் பார்த்து, முதன்முதலில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர் ஆஞ்செலோ செக்கி, இயேசு சபைக் குரு. 1860களில் அவர் தொலைநோக்கியை நிறுத்தியிருந்த இடம், ரோமிலுள்ள புனித இஞ்ஞாசியார் தேவாலயத்தின் கூரை.